மெட்டு ஏறும் வண்டிக்கு வீட்டில் கிளட்ச் மாற்றுவது

போடிமெட்டு மலைப்பாதையில் பைக்கில் ஏறி வேலைக்குப் போகிறவனின் வண்டியில் முதலில் தேய்வது டயர் இல்லை, கிளட்ச். போடியில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். தேனி, சின்னமனூர் என்று சமவெளியில் சுற்றும் வண்டி ஒரே செட் பிளேட்டில் வருஷக்கணக்கில் ஓடிவிடும். அதே மாடல் வண்டி மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இருக்கும் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போய்வந்தால் அவ்வளவு தாங்காது.

காரணம் ஏற்றம் மட்டும் இல்லை. போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து மூணாறு வழியாகத் தேனிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான். ஆனால் காலை நேரத்தில் இந்தச் சாலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்குச் சொந்தம். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதுமே வரிசை கட்டிவிடும். முன்னால் ஜீப், அதற்கு முன்னால் ஒரு லாரி, வளைவில் எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்காக எல்லோரும் நிற்பார்கள். நாம் சரிவில் காலை ஊன்றி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டிருப்போம். பிரேக் போடவேண்டிய இடத்தில் கிளட்சைப் போட்டு நிற்பது இந்த மலைப்பாதையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பிளேட்டைத் தின்பது அந்த ஹாஃப் கிளட்ச்தான்.

எப்படித் தின்கிறது என்று பார்த்துவிடலாம். நம்மூர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எண்ணெயில் முங்கிக் கிடக்கும் பல தட்டு கிளட்ச். உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட் ஒன்று, அடுத்து வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வு பிளேட்டுகளின் காதுகள் வெளியே இருக்கும் ஹவுசிங்கின் விரல்களுக்குள் செருகி நிற்கும். ஹவுசிங் என்ஜினோடு சுற்றும். ஸ்டீல் பிளேட்டுகளின் பற்கள் உள்ளே இருக்கும் ஹப்பைப் பிடித்திருக்கும். ஹப் கியர் பெட்டிக்குப் போகிறது. மேலே பிரஷர் பிளேட், அதை அழுத்த நாலைந்து ஸ்பிரிங். இரண்டு சீட்டுக்கட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி மேலே கையை வைத்து அழுத்தினால் எப்படிப் பிரிக்க முடியாதோ, அப்படித்தான் என்ஜினும் சக்கரமும் சேர்ந்து சுற்றுகின்றன. லீவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் கொஞ்சம் விலகும், அடுக்கு தளரும், அவ்வளவுதான். பாதி பிடித்தால்? தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேயும், சூடாகும். எண்ணெய் அந்தச் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஏறும்போது எண்ணெய்க்கும் ஓர் அளவு உண்டு.

என் வண்டி பழைய 150 சிசி. பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடம்) எடைக் கணக்கு எழுதுவது என் வேலை. வாரத்தில் பெரும்பாலான நாள் மெட்டு ஏறுவேன். கிளட்ச் போவதை முதலில் காது சொல்லியது. மூன்றாவது கியரில் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் மட்டும் எகிறும், வண்டி அதே வேகத்தில் நகரும். அப்புறம் கருகின வாடை. அது ஏலக்காய் ஸ்டோர் புகை வாடை மாதிரி இல்லாமல் மூக்கில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தனி வாடை. ஒருமுறை மோந்தவன் மறக்கமாட்டான்.

இந்த இடத்தில் பலரும் நேராகப் பட்டறைக்குப் போய் "கிளட்ச் போச்சுண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். அண்ணனும் சந்தோஷமாக செட்டைக் கழற்றிவிடுவார். அதற்கு முன் பார்க்கவேண்டியவை இரண்டு, இரண்டுக்கும் காசு செலவில்லை. ஒன்று கேபிள். லீவர் நுனியில் சும்மா ஆடும் ஆட்டம் கொஞ்சமாவது இருக்கவேண்டும். பெரும்பாலான மேனுவல்களில் 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள். அந்த ஆட்டமே இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தால் நீங்கள் லீவரை விட்ட பிறகும் அது பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். புது பிளேட் போட்டாலும் வழுக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும் என்பதால் அவ்வப்போது சரிசெய்வது அவசியம். நம் ஆட்கள் லீவர் "நச்சுன்னு" இருக்கவேண்டும் என்று இறுக்கிக்கொண்டே போவார்கள்.

இன்னொன்று எண்ணெய். கார் எண்ணெய் மீந்திருக்கிறதே என்று பைக்கில் ஊற்றும் ஆட்கள் உண்டு. கார் என்ஜின் எண்ணெயில், முக்கியமாக எரிபொருள் மிச்சமாகும் என்று போட்டு விற்கும் வகைகளில், உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காரில் கிளட்ச் எண்ணெயில் முங்குவதில்லை, அதனால் அங்கே அது நல்லது. பைக்கில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் கிடக்கிறது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ஈரக் கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய் எது என்று பிரிப்பதற்கென்றே ஜப்பானில் 1998-ல் கொண்டுவந்த தரம் அது. எம்பி என்று போட்டிருந்தால் கியர் வைத்த பைக்குக்கு வேண்டாம், ஸ்கூட்டருக்குச் சரி.

என் வண்டியில் கேபிளும் சரி, எண்ணெயும் சரி. அப்போ பிளேட்தான்.

நான் வழக்கமாக விடும் பட்டறையில் கேட்டேன். "செட்டோட மாத்திருவோம் தம்பி, பிரிச்சுப் பாத்து என்ன ஆகப்போகுது" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு நேரம்தான் கூலி. ஆனால் ஹவுசிங், ஹப், பிளேட், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த முழு செட்டின் விலைக்கும் பிளேட் மட்டும் வாங்கும் விலைக்கும் நடுவில், குறித்த அளவு இறுகியதும் "டிக்" என்று சொல்லும் ஒரு நல்ல டார்க் ரெஞ்சே வாங்கிவிடலாம். அதைத்தான் செய்தேன். அந்தப் பட்டறையில் வேறொரு வண்டியின் கிளட்ச் நட்டை உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துச் சுற்றுவதை முன்பே பார்த்திருந்ததும் ஒரு காரணம்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சில வண்டிகளில் பிளேட் மாற்றுவதற்கு அந்த நடு நட்டைத் தொடவே தேவையில்லை. அவற்றில் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றினாலே பிரஷர் பிளேட் கையோடு வரும், பின்னாலேயே தட்டுகள் ஒவ்வொன்றாக வரும். ஹவுசிங்கையோ ஹப்பையோ மாற்றினால்தான் நட்டுக்கு வேலை. வீட்டில் கிளட்ச் மாற்றப் பயப்படுகிறவர்கள் பயப்படுவது அந்த நட்டுக்குத்தான். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பயமே தேவைப்படாது.

சாமான்கள் என்று பார்த்தால் 8, 10 நம்பர் டீ ஸ்பேனர், ரப்பர் சுத்தியல், தடிமன் அளக்க வெர்னியர், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், பழைய எண்ணெய் பிடிக்க அகலமான தட்டு, பிளாஸ்டிக் சுரண்டி. இவையெல்லாம் சாதாரணம். பழைய வண்டிகளில் கிளட்ச் கவரை ஸ்டார் ஸ்குரூ போட்டு மூடியிருப்பார்கள். அதில் தலையோரம் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பான் அளவு ஸ்குரூ. சாதாரண ஸ்டார் டிரைவர் அதன் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் மேலே ஏறி தலையை மழுக்கிவிடும். அதற்கான டிரைவரோ, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரோ வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றில் நான் காசை யோசிக்காமல் வாங்கச் சொல்வது டார்க் ரெஞ்ச். அதிலும் சின்னது, 5-லிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கக்கூடியது. கடையில் கேட்டால் கார் சக்கரத்துக்குப் போடும் பெரிய ரெஞ்சை எடுத்து நீட்டுவார்கள். அது இந்த வேலைக்கு உதவாது, அதன் அளவு தொடங்குவதே நமக்கு முடியும் இடத்துக்கு மேலேதான். கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டும் கவர் போல்ட்டும் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். அவற்றுக்கு வேண்டியது 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவுதான். ஆனால் நம் கையில் இருப்பது அதைவிட நீளமான ஸ்பேனர், இறுக்குவதோ முழங்கை பலத்தில். போல்ட் இரும்பு, அது செருகுகிற இடம் அலுமினியம். இரும்பு ஜெயிக்கும், அலுமினிய மரை பொடியாக உதிரும். பட்டறையில் கவர் போல்ட் ஒன்று "சும்மா சுத்துது" என்று எம்-சீல் பூசி விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் ஆகியிருக்கும்.

வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு முன்திண்ணைப் பக்கம் வைத்துக்கொண்டேன். ஆடி மாசம். மெட்டுக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும், இங்கே போடியில் காற்றுதான். காற்றில் தூசி பறக்கும் என்பதால் வண்டியின் இரண்டு பக்கமும் சாக்குப் படுதா கட்டினேன். கிளட்சுக்குள் மண் போனால் புது பிளேட்டே வீண்.

பெரும்பாலான பைக்குகளுக்குக் கிளட்ச் வலது பக்கம். பழைய புல்லட்டுக்கு இடது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடதுபக்கம் சாய்ந்து நிற்பதால், எண்ணெயை வடிக்காமலேயே வலது கவரைத் திறந்துவிடுவது ஒரு குறுக்கு வழி. எண்ணெய் புதுசாக இருந்தால் சரிதான். கருகின கிளட்சுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். தேய்ந்த பட்டைத் தூள் முழுக்க அந்த எண்ணெயில்தான் மிதக்கிறது. வண்டியைக் கொஞ்சம் ஓட்டி வெதுவெதுப்பானதும் வடித்தேன். கறுப்பு நெய்போல் இல்லாமல் சாம்பல் கலந்த கறுப்பாக வந்தது. பக்கத்து வீட்டு மாமா, அவர் ஜீப் ஓட்டுகிறவர், "மாப்ள அதக் கொட்டிறாத, வேலிக் கம்புக்குப் பூசிக்கிறேன், கரையான் வராது" என்று கேனோடு வந்து வாங்கிக்கொண்டார். சாக்கடையில் ஊற்றுவதற்கு அது மேல்.

கிளட்ச் கேபிளைத் தளர்த்தி, ஃபுட்ரெஸ்ட்டையும் கிக்கரையும் கழற்றவேண்டும். கிக்கரில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே எடுக்கவேண்டும். தண்டில் இருக்கும் பள்ளத்தில் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கும். தெரியாதவர்கள் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்ப்பார்கள்.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றின இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தேன். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி என்ஜின் கேசே விரிசல் விடும். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் ஓரமாகத் தட்டுங்கள். நடுவில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் போதும், ஆயுசுக்கும் எண்ணெய் கசியும். பழைய பேக்கிங் துணுக்குகளைச் சுரண்டவும் இதனால்தான் பிளாஸ்டிக். கவரை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் இரண்டும் கவரோடு வந்ததா, கேசிலேயே நிற்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பிரஷர் பிளேட் கோணலாகத் தூக்கினால் அலுமினியக் காது உடையும். அப்புறம் தட்டுகள். வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பினேன்.

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும். உராய்வு பிளேட்டை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்தேன். புதுசு 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், எதுவரை தேயலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். என்னுடையதில் உள்ளே இருந்த பிளேட்டுகள் அளவுக்குக் கீழே போயிருந்தன. பட்டையின் கட்டங்கள் பளபளவென்று கண்ணாடியாகி, ஓரத்தில் கருகி இருந்தன. ஸ்டீல் பிளேட் ஒவ்வொன்றையும் பழைய மேசைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கவேண்டும். 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் அந்தப் பிளேட் வளைந்துவிட்டது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பிளேட்டில் மயில் கழுத்து நீலம் ஏறியிருந்தது. அது சூட்டின் தழும்பு. அளவில் தேறினாலும் நீலம் ஏறினதைத் திரும்பப் போடவில்லை. ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளந்தேன். சூடு பட்டுப் பட்டு குறுகியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் அழுத்தம் கோணலாகும்.

கடைசியாக ஹவுசிங்கின் விரல்கள். பிளேட்டின் காது முட்டி முட்டி அங்கே பள்ளம் விழும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும். லேசாக இருந்தால் நைசான அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துச் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் கிளட்ச் விடும்போது தட்டு அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகரும், வண்டி வெட்டி வெட்டிப் புறப்படும், நியூட்ரல் கிடைக்காமல் படுத்தும். அதை அரத்தால் சரிசெய்கிறேன் என்று விரலையே மெலிய வைக்கிறவர்கள் உண்டு. அப்போது ஹவுசிங்கை மாற்றுவதுதான் வழி. எனக்கு ஆழமாகத்தான் இருந்தது.

ஆகவே அந்த நட்டு. சில வண்டியில் அது அறுகோணம், வளைத்துவிட்ட லாக் வாஷரோடு. சிலதில் நாலு வெட்டு போட்ட வட்ட நட்டு, அதற்கென்று தனி சாக்கெட் வேண்டும். என்னுடையது முதல் வகை. வாஷரின் மடிப்பை நிமிர்த்தியாயிற்று, ஆனால் நட்டைத் திருகினால் ஹப்பும் சேர்ந்தே சுற்றுகிறது. டாப் கியரில் போட்டு ஒருவர் பின் பிரேக்கை மிதித்தால் ஹப் நிற்கும், அவசரத்துக்கு அது ஒரு வழி. சங்கிலியிலும் சக்கர ரப்பரிலும் கொஞ்சம் துள்ளல் இருப்பதால் பிடி உறுதியாக நிற்காது. கிளட்ச் ஹோல்டர் கடையில் கிடைக்கும். எனக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. கழித்துப்போட்ட ஸ்டீல் பிளேட்டுகளில் மூன்றை ஒன்றாக அடுக்கி, அதில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டையை வெல்டு வைத்து வாங்கினேன். அதன் பற்கள் ஹப்புக்கென்றே வெட்டியவை, வேறு எந்த ஹோல்டரும் அவ்வளவு பொருந்தாது. ஒற்றைப் பிளேட்டில் செய்யக்கூடாது, மெல்லிய தகடு அலுமினிய ஹப்பின் வரிகளைக் கடித்துவிடும். பட்டை ஃபுட்ரெஸ்ட் மாட்டும் இடத்தில் முட்டி நின்றது, நட்டு ஒரே இழுப்பில் தளர்ந்தது. உளிக்கு வேலையே இல்லை. திரும்ப இறுக்கும்போது லாக் வாஷர் புதுசு போடவேண்டும். ஒருமுறை மடித்த இடத்தில் மறுபடி மடித்தால் ஒடியும். இந்த நட்டுக்கு மட்டும் பெரிய டார்க் ரெஞ்ச் தேவை, அதை மெக்கானிக் அண்ணனிடம் இரவல் வாங்கினேன். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

புது பிளேட்டுகளை முந்தின ராத்திரியே என்ஜின் எண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். காய்ந்த பிளேட்டைப் போட்டு ஓட்டினால் முதல் ஏற்றத்திலேயே கருகும். அடுக்கும்போது முதல் பிளேட்டும் கடைசிப் பிளேட்டும் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் வேறாக இருக்கலாம், அதற்குத்தான் பழைய வரிசையைக் கலைக்காமல் வைத்தது. ஸ்டீல் பிளேட்டுக்கு ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். பிரஷர் பிளேட் ஹப்பின் வரிகளில் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் அழுத்தி அசைத்துப் பார்த்த பிறகே ஸ்பிரிங். எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக இறுக்கி, கடைசிச் சுற்றில் டார்க் ரெஞ்ச் "டிக்" என்றதும் கையை எடுத்துவிடவேண்டும். இன்னும் ஒரு தடவை டிக் கேட்கலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது.

கவருக்குப் புது பேக்கிங், காய்ந்த நிலையிலேயே. கிக்கர் தண்டின் ஆயில் சீலுக்கு உள்ளே கொஞ்சம் கிரீஸ். எண்ணெய் ஊற்றி, கேபிள் ஆட்டத்தை வைத்து, முதல் கியர் போட்டு லீவரை மெல்ல விட்டேன். வண்டி பாதி லீவரில் வழவழவென்று நகர்ந்தது.

முதல் சில நாள் மெட்டில் அவசரப்படவில்லை. வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு இறங்கிவிடுவேன். இரண்டாவதிலேயே கிளட்சை நசுக்கி இழுத்துக்கொண்டு திரும்புவதில்லை. ஜீப் வரிசை நின்றால் நியூட்ரல், பின் பிரேக். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். புது பிளேட் படிந்தவுடன் கேபிள் ஆட்டம் மாறும் என்பதால் அந்த வார இறுதியில் மறுபடி அளந்து சரிசெய்தேன்.

இப்போது அந்த வெல்டு வைத்த ஹோல்டர் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்வருகிறது, அதே மாடல் வண்டி இங்கே நாலைந்து இருக்கிறது. டார்க் ரெஞ்சை மட்டும் நான் வெளியே விடுவதில்லை. போன வாரம் மாமா ஜீப் சக்கர நட்டுக்குக் கேட்டார். அது 25-க்கு மேல் போகாது மாமா, உங்க நட்டுக்கு நூறு பக்கம் வேணும் என்றேன். "நாலு தடவை திருகுனா நூறு ஆச்சுல்ல மாப்ள" என்கிறார்.